நாலு தரமும் ஓர் இரகசிய நிக்காஹும்

போன மாதம் என் பழைய முதலாளி ஹாஜியாரின் பேத்தி என் கைபேசிக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாள். மாத்தளைக் கடைத்தெருவில் நான் இருபத்தொன்பது வருடம் வேலை பார்த்த பழைய புத்தகக் கடையை இப்போது நடத்துவது அவள்தான். படத்தில் ஒரு கொமிக்ஸ் புத்தகம் பிளாஸ்டிக் பெட்டிக்குள் நாலு பக்கமும் ஒட்டி மூடப்பட்டுக் கிடந்தது. மேலே ஒரு சீட்டில் ஒன்பது புள்ளி இரண்டு என்று மார்க் போட்டிருந்தார்கள். வெளிநாட்டில் இப்படித்தான் தரம் பார்க்கிறார்களாம். பெட்டியைத் திறந்தால் மார்க் செல்லாதாம். "ஆன்ட்டி, உங்க காலத்துல எப்படித் தரம் பாத்தீங்க? எழுதித் தாங்களேன், கடையில ஒட்டி வைக்கிறேன்" என்று கேட்டிருந்தாள்.

திறந்தால் செல்லாத புத்தகத்தை என்ன செய்வது என்று எனக்கு விளங்கவில்லை. எங்களுக்குப் புள்ளி இரண்டெல்லாம் கிடையாது. எங்கள் கடையில் இருந்தது நாலே தரம், அதுவும் அவளுடைய பாட்டனார் வைத்த பெயர்களில். கேட்டுவிட்டாள், எழுதுகிறேன். ஒட்டுவதா கிழிப்பதா என்று அவளே முடிவு செய்யட்டும்.

நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எழுபதுகளின் நடுவில் அந்தக் கடையைக் கூட்டுவதற்கென்றுதான் சேர்ந்தேன். இந்தியாவிலிருந்து புத்தகம் வருவது அப்போது வெகுவாகக் குறைந்துபோயிருந்தது. புதிது வராத இடத்தில் பழையதற்குக் கொண்டாட்டம். பாடப்புத்தகம், நாவல், பஞ்சாங்கம் எல்லாம் விற்றோம் என்றாலும் ஹாஜியாரின் உயிர் கொமிக்ஸில்தான் இருந்தது. அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதே இல்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கட்டியிருக்கும் சாரத்தில் துடைப்பார். புத்தகம் விற்க வந்தவர் பொய் சொல்லி மாட்டிக்கொண்டால் பக்கத்துத் தேநீர்க் கடைக்குச் சொல்லி அவருக்குப் பால் சேர்க்காத ஒரு பிளேன்டீ வரவழைப்பார். விஷயம் தெரிந்தவர்கள் அந்த பிளேன்டீயைக் குடிக்காமலே எழுந்து போய்விடுவார்கள்.

சேர்ந்த இரண்டாம் மாதம் என் கெட்டித்தனத்தைக் காட்ட நினைத்தேன். பதினாறு பழைய கொமிக்ஸை எடுத்து, கோதுமை மாவில் பசை காய்ச்சி, முதுகில் துணி ஒட்டி, பிரவுன் பேப்பர் அட்டை போட்டேன். பிசிறிய ஓரங்களைச் சதுரமாக நறுக்கினேன். சிவப்பு மையில் பெயரும் எழுதி அடுக்கி வைத்துவிட்டுப் பாராட்டுக்காகக் காத்திருந்தேன். ஹாஜியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மூக்குத்தி குத்தச் சொன்னா மூக்கையே வெட்டிட்டியே புள்ள" என்றார்.

நான் நறுக்கியதில் பதினாறு புத்தகமும் ஒரே மத்தியானத்தில் செத்துப்போயின. அன்றுதான் தரம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்.

முதல் தரம் மாப்பிள்ளை. அச்சகத்திலிருந்து வந்த அன்றைய கோலம், அட்டையில் பளபளப்பு, மூலைகள் கூர், தாளைத் தைத்த கம்பியில் துரு இல்லை. அடுத்தது குடும்பஸ்தர். படித்திருப்பார்கள், ஆனால் கை கழுவிவிட்டுப் படித்திருப்பார்கள். அதற்கும் கீழே பென்சன்காரர், முதுகு வளைந்து, மூலை மடிந்து, யாரோ ஒருவரின் பெயரை நெற்றியில் சுமந்துகொண்டிருப்பார், ஆனாலும் எல்லாப் பக்கமும் இருக்கும். கடைசியில் மையத்து, அதாவது பிணம். அட்டை இருக்காது, அல்லது பக்கம் இருக்காது. மையத்துகளுக்கென்று மேசைக்குக் கீழே ஒரு மரப்பெட்டி இருந்தது.

விலையைக் கேட்டால் இப்படிச் சொல்லலாம். ஒரே புத்தகம், மையத்தாக இருந்தால் ஒரு பிளேன்டீ விலை, பென்சன்காரர் என்றால் ஒரு சோற்றுப் பார்சல், குடும்பஸ்தர் ஒரு சாரம், மாப்பிள்ளை ஒரு நல்ல சேலை. ஆனால் ஊரில் எல்லார் வீட்டிலும் கிடக்கிற புத்தகம் என்றால் மாப்பிள்ளையாக இருந்தும் அவருக்குப் பெண் கிடைக்காது. எங்குமே இல்லாத முதல் இதழ் என்றால் மையத்தைக்கூட இரண்டு பேர் சண்டை போட்டு வாங்குவார்கள். வாங்க வருகிறவர்களும் இரண்டு சாதி. படிக்கிறவர்களுக்குக் கதை முழுசாக இருந்தால் போதும். சேர்த்து வைக்கிறவர்களுக்குக் கதையே தேவையில்லை, மூலை கூராக இருந்தால் போதும்.

ஹாஜியார் புத்தகம் பார்க்கும் முறை தொழுகைக்குத் தயாராவது மாதிரி இருக்கும். முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவார். வாசல் வெளிச்சத்தில் பச்சைத் துணியை விரித்து அதன்மேல் புத்தகத்தை வைப்பார். அட்டையைச் சாய்த்து மடிப்புக் கோடுகளைப் பார்ப்பார். கம்பி இரண்டையும் நகத்தால் தொடுவார். பிறகு தாள்களை எண்ணுவார், பக்க எண்ணைப் பார்த்து அல்ல, விரலால். அறுபத்துநாலு பக்கம் என்றால் மடித்த தாள் பதினாறு இருக்க வேண்டும். கடைசியில் மோந்து பார்ப்பார். எங்கள் மாவட்டத்தில் பூச்சி வராதிருக்கப் புத்தகத்துக்குள் கராம்பு போட்டு வைக்கிற புத்திசாலிகள் அதிகம். பூச்சி வராது, உண்மைதான். ஆனால் கராம்பின் எண்ணெய் இறங்கி, கதாநாயகியின் கன்னத்தில் காசளவுக்கு மரு முளைத்திருக்கும். கண்டியில் இருந்த வியாபாரிகள் மோந்து பார்த்தே "மாத்தளைச் சாமான்" என்று விலையைக் குறைப்பார்கள்.

யுத்தம் முற்றிய பிறகு சோதனைச் சாவடிகள் வந்தன. பையில் இருக்கும் புத்தகத்தை எடுத்து, கட்டைவிரலை நாக்கில் தொட்டுப் பக்கம் பக்கமாகப் புரட்டுவார்கள். சில சிப்பாய்கள் படம் நன்றாக இருந்தால் உட்கார்ந்தே பார்ப்பார்கள். கண்டிக்குக் கொண்டுபோகும் மாப்பிள்ளை, வழியில் இரண்டு சாவடி தாண்டினால் குடும்பஸ்தராகத்தான் போய்ச் சேருவார். பயமும் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த ஈர விரலைப் பார்க்கும்போது எனக்குப் பயத்தைவிட வயிற்றெரிச்சல்தான் முந்திக்கொண்டு வரும்.

எண்பத்துமூன்றுக் கலவரத்தில் கடைத்தெரு எரிந்ததையும் சொல்லாமல் விட முடியாது. எங்கள் கடை தப்பியது, பக்கத்துக் கடைகள் தப்பவில்லை. கொஞ்ச நாளில் ஒரு மனிதர் ஓரம் கருகிய புத்தகங்களைச் சாக்கில் கொண்டுவந்தார். ஹாஜியார் எதற்கும் தரம் சொல்லவில்லை. பிளேன்டீ சொன்னார், அந்த ஒரு தடவை மட்டும் தானும் கூட உட்கார்ந்து குடித்தார். நான் உள்ளே போய் அழுதேன்.

இனி நிக்காஹ் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரே இதழின் இரண்டு பிரதிகள் கிடைக்கும். ஒன்றில் அட்டை நன்றாக இருந்து தாள் குறையும், மற்றதில் தாள் இருந்து அட்டை இருக்காது. கம்பியைக் கழற்றி இரண்டையும் சேர்த்தால் ஒரு முழுப் புத்தகம். இதைத்தான் ஹாஜியார் நிக்காஹ் வைப்பது என்பார். செய்யலாம், தப்பில்லை. ஆனால் இரகசியமாகச் செய்யக் கூடாது. விலைச் சீட்டில் "நிக்காஹ் செய்த பிரதி" என்று எழுதி இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்துப் போட்ட கையோடு விலை மூன்றில் ஒன்றாகிவிடும். நான் இருந்த இருபத்தொன்பது வருடத்தில் இந்தச் சட்டத்தை மீறியது ஒரே ஒரு ஆள். இதை எழுதிக்கொண்டிருக்கிற ஆள்தான்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது அது. மாத்தளையை அடுத்த அலுவிகாரையில் சிவலிங்கம் அண்ணன் சலூன் வைத்திருந்தார். நாங்கள் குடியிருந்ததும் அங்கேதான், என் வீட்டுக்காரர் அவருடைய நிரந்தர வாடிக்கை. அண்ணனுக்கு இரண்டு கண்ணிலும் வெள்ளை படர்ந்து, சில வருடமாகப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஊர் முகங்கள் காட்டிக்கொடுத்தன. அலுவிகாரை ஆண்களுக்கு ஒரு கிருதா காது வரைக்கும், மறு கிருதா கன்னம் வரைக்கும் இருந்தது. என் வீட்டுக்காரர் கல்யாண வீட்டுக்குப் போனால் ஒரு பக்கமாகவே உட்காருவார். ஆனாலும் ஒருவரும் வேறு சலூனுக்குப் போகவில்லை, ஒருவரும் அவரிடம் சொல்லவும் இல்லை. கடைசியில் ஒருவரின் காதில் கத்தி பட்டு இரத்தம் வந்த பிறகுதான் அண்ணன் கண்டிக்குப் போய் டாக்டரைப் பார்த்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஒப்பரேஷனுக்குச் செலவில்லை, உள்ளே வைக்கும் லென்ஸை மட்டும் வாங்கிக்கொண்டு வரவேண்டும் என்றார் டாக்டர். அது இல்லாவிட்டால் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். கத்தியைத் தவிர அண்ணனுக்கு வேறு பிழைப்பு கிடையாது.

அவரிடம் விற்கத் தகுந்த பொருள் ஒன்றே ஒன்று இருந்தது. 'நீலக்குதிரை வீரன்' முதல் இதழ். வாலிபத்தில் வாங்கி, சலூன் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருந்தார். தலைமுடி வெட்டக் காத்திருப்பவர்கள் பதினைந்து இருபது வருடமாக அந்த அட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தொட ஒருவருக்கும் அனுமதியில்லை. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் அண்ணன் அதை வெளியே எடுத்துத் தூசி தட்டுவார்.

வாங்குவதற்கும் ஆள் இருந்தார். சீகிரியாவில் ஒரு ஹோட்டலின் மெனேஜர், சிங்களவர். யுத்தத்தால் ஹோட்டலில் ஆளில்லை, ஆகவே ஐயாவுக்குப் புத்தகம் தேட நேரம் நிறைய. தமிழ் கொமிக்ஸ் என்றால் உயிர், ஆனால் தமிழில் ஓர் எழுத்துத் தெரியாது. சின்ன வயதில் மாத்தளைக் கடையில் தொங்கிய புத்தகத்தைக் கேட்டு அழுதாராம். படிக்கத் தெரியாததை எதற்கு வாங்குவது என்று அம்மா இழுத்துக்கொண்டு போனாராம். இப்போது அம்மாவும் இல்லை, தடுக்க ஆளும் இல்லை. மாப்பிள்ளை தரம் என்றால் கேட்ட விலை கொடுப்பார், மற்றதை ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்.

அண்ணன் புத்தகத்தைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். "நல்லா பாத்துச் சொல்லு தங்கச்சி. ஒரு கீறல் கிடையாது" என்றார். உண்மைதான். அவ்வளவு சுத்தமான மாப்பிள்ளையை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. லென்ஸ் வாங்கிப் பஸ் செலவும் மிஞ்சும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே தாளை எண்ணினேன். பதினைந்து. மறுபடி எண்ணினேன், அப்போதும் பதினைந்துதான். நடுத்தாளைக் காணோம். முப்பதாம் பக்கத்தில் வீரன் மலையுச்சியில் ஒரு கையால் தொங்குகிறான். அடுத்த பக்கம் முப்பத்தைந்து, அங்கே அரண்மனையில் சம்மணம் போட்டு விருந்து சாப்பிடுகிறான்.

புத்தகம் கடையில் இருக்கட்டும் என்று சொல்லி அண்ணனை அனுப்பி வைத்தேன். வீட்டுக்குப் போய் வீட்டுக்காரரிடம் மெதுவாக விசாரித்தேன்.

"ஆமா, ஒரு வெள்ளிக்கிழம சவரம் பண்ணையில நொர தொடைக்கிற பேப்பர்ல குதிர படம் இருந்துச்சு. நல்ல கெட்டிப் பேப்பர். என்னாடா இது புதுசா இருக்கேன்னு நெனச்சேன்" என்றார்.

சவரக்கத்தி துடைக்கும் பழைய பேப்பர் அடுக்கின்மேல் புத்தகத்தை நடுவில் விரித்து வைத்துவிட்டு, அண்ணன் அலமாரியைத் துடைத்திருக்கிறார். ஆள் வந்ததும் கை பழக்கத்தில் மேலே இருந்த தாளை இழுத்துவிட்டார். இருபது வருடம் பொத்திப் பாதுகாத்ததை, தானே என் வீட்டுக்காரரின் தாடை நுரையில் துடைத்துப் போட்டிருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் அதை அண்ணனிடம் சொல்ல மனம் வரவில்லை.

மறுநாள் ஹாஜியார் மத்தியான லுஹர் தொழுகைக்குப் போன நேரத்தில் மையத்துப் பெட்டியைக் கிளறினேன். அட்டையில்லாத ஒரு 'நீலக்குதிரை வீரன்' கிடந்தது எனக்குத் தெரியும். அதன் நடுத்தாள் முழுசாக இருந்தது, கொஞ்சம் மஞ்சள், மூலையில் ஒரு தேநீர்க் கறை. பாண் ரொட்டியின் நடுவைப் பிசைந்து உருட்டி அழுக்கை ஒற்றி எடுத்தேன். அகராதிக்கு அடியில் வைத்து நேராக்கினேன். அண்ணனின் புத்தகக் கம்பியை மழுங்கிய கத்தியால் நிமிர்த்தி, தாளைச் செருகி, அதே ஓட்டையில் மறுபடி மடித்தேன். பெற்றவள்கூடக் கண்டுபிடிக்க மாட்டாள். படிக்கத் தெரியாத மனிதர் கண்டுபிடிக்கவா போகிறார் என்று நினைத்தேன். விலைச் சீட்டில் மாப்பிள்ளை என்று எழுதினேன்.

மெனேஜர் வந்தார். அண்ணன் மர வாங்கில் உட்கார்ந்து, அவர் இருந்த பக்கத்துக்குப் பதிலாகக் கதவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். ஹாஜியார் வழக்கப்படி கை கழுவி, துணி விரித்து, கடைசி முறையாக ஒரு தடவை பார்த்தார். நடுத்தாளுக்கு வந்ததும் விரல் நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேநீர்க் கடைப் பக்கம் திரும்பி, "புள்ளக்கி ஒரு பிளேன்டீ" என்றார்.

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"நிக்காஹ் நடந்து ஈக்குது. சாட்சி யாரு புள்ள?"

எல்லாவற்றையும் சொன்னேன். சவரக்கத்தி, நுரை, குதிரைப் படம், என் வீட்டுக்காரரின் தாடை வரைக்கும். அண்ணனின் சிரிப்பு அப்படியே முகத்தில் நின்றுபோனது. மெனேஜர் புத்தகத்தைத் தன் பக்கம் இழுத்து, மெதுவாக மூடினார்.

"நங்கி, எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனா எண்ணத் தெரியும், நெறம் பாக்கத் தெரியும்" என்றார். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கச்சி. கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் வருத்தமாகச் சொன்னார். மாப்பிள்ளை விலை தர முடியாது, நிக்காஹ் பிரதி தனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

அண்ணன் என் பக்கம் முகத்தைத் திருப்பி, "அப்ப எனக்கு அந்தளவுக்குக் கண்ணு தெரியல, என்னா தங்கச்சி?" என்றார். "சரி. இனி கத்தியத் தொடக் கூடாது."

அன்றிரவு நான் சாப்பிடவில்லை. வீட்டுக்காரர் என் கதையைக் கேட்டுவிட்டு, கவலைப்படுவதற்குப் பதிலாக வேறொன்று கேட்டார். "அப்ப புத்தகம் இப்ப முழுசாத்தானே இருக்கு? அலமாரியில பாத்துப் பாத்து இருவது வருசம். ஒருக்கா படிக்கக் குடுக்கச் சொல்லேன், காசு வேணாலும் தர்றேன்."

காலையில் முதல் வேலையாக ஹாஜியாரிடம் சொன்னேன். மெனேஜர் ஒருத்தருக்குத்தான் மூலை கூராக இருக்க வேண்டும், அலுவிகாரை முழுக்கக் கதைக்காகக் காத்திருக்கிறது என்றேன்.

"ஆளாளுக்குப் படிச்சா ஒரு மாசத்துல மையத்தாப் போகும்" என்றார்.

"போகட்டுங்க ஹாஜியார்."

அவர் நெடுநேரம் புத்தகத்தைப் பார்த்தார். அந்த அட்டையைக் கெடுக்கச் சம்மதிப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். பிறகு நான் எழுதிய பொய்ச் சீட்டைக் கிழித்துவிட்டு, "நிக்காஹ் செய்த பிரதி" என்று தானே எழுதி, முதல் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். இரண்டாவது சாட்சி சிவலிங்கம் அண்ணன். சீட்டுக்கு வெளியே பாதிக் கையெழுத்து மேசையில் விழுந்தது.

சலூன் வாங்கில் உட்கார்ந்து படிக்க இவ்வளவு என்று ஒரு தொகை வைத்தோம். முதல் நாளே வரிசை. பஸ் கண்டக்டர்கள், த்ரீவீல்காரர்கள், கோயில் மேளக்காரர், பள்ளி வாத்தியார் இருவர் எல்லாரும் வந்தார்கள். படம் பார்க்கச் சிங்களப் பையன்கள் வந்தார்கள். சாவடிச் சிப்பாய் ஒருவர்கூட வந்து, வழக்கம்போல விரலை நாக்கில் தொட்டார், ஆனால் காசு கொடுத்துவிட்டுத் தொட்டார். சிலர் வீரன் மலையிலிருந்து எப்படித் தப்பினான் என்பதை மட்டும் இரண்டாம் முறை காசு கொடுத்துப் படித்தார்கள். நான் ஒவ்வொரு சனிக்கிழமையும் போய்த் தரம் பார்த்தேன். முதல் வாரமே குடும்பஸ்தர். மூன்றாம் வாரம் பென்சன்காரர், முதுகில் எண்ணெய் விரல். ஐந்தாம் வாரம் அட்டை தனியாக வந்துவிட்டது. பார்க்கப் பார்க்க என் நெஞ்சு வலித்தது, ஆனாலும் நான் ஒருவரையும் தடுக்கவில்லை.

லென்ஸுக்குக் காசு சேர்ந்த கடைசி வாரத்தில் மெனேஜர் வந்தார். ஒருவர் படிப்பதற்கான காசை எண்ணி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு நான் கதையைச் சிங்களத்தில் வாசித்துச் சொன்னேன். சின்னப் பிள்ளை மாதிரி கேட்டுக்கொண்டிருந்தார். காசு ஒரு சதம்கூடக் கூட்டித் தரவில்லை. ஆனால் ஹோட்டல் வேன் சும்மாதானே நிற்கிறது என்று சொல்லி, ஒப்பரேஷன் அன்று விடியற்காலையில் லென்ஸோடு அண்ணனை ஏற்றிக்கொண்டு கண்டிக்குப் போனவர் அவர்தான்.

ஒரு மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை காலை அண்ணன் கடைக்கு வந்தார். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்து, "என்னா தங்கச்சி, கெழவியாயிட்ட" என்றார். மையத்துப் பெட்டிக்குள் வந்து சேர்ந்திருந்த 'நீலக்குதிரை வீர'னை எடுத்துப் புரட்டிப் பார்த்துச் சிரித்தார். அப்புறம் ஹாஜியார் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். ஹாஜியாருக்கு முகம் நிறைய வெள்ளைத் தாடி, ஜும்ஆவுக்கு முன் அதைத் திருத்துவது எப்போதும் அண்ணன்தான். வலப்பக்கம் ஒரு விரல் நீளம், இடப்பக்கம் அதில் பாதி. நடுவில் படிக்கட்டு மாதிரி மூன்று வெட்டு. கத்தியைத் தொடாமல் இருந்த அண்ணன், ஹாஜியார் கேட்டுக்கொண்டதற்காக ஒப்பரேஷனுக்கு முந்தின நாள் கத்தரிக்கோலால் வெட்டியது. அதற்குப் பிறகு ஹாஜியார் யாரையும் அதைத் தொட விடவில்லை.

அண்ணன் அவருடைய தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"யாரு ஹாஜியார் இத வெட்டுனது? கண்ணு இருக்கா இல்லையா அவனுக்கு?"

இருபது வருடத்துக்கு மேல் நான் அறிந்த வரையில், ஒரு புத்தகத்தின் மூலை மடிந்ததைக்கூட மறைத்துப் பேசாத மனிதர் ஹாஜியார். கண்ணாடியைக் கழற்றவில்லை. பிளேன்டீ சொல்லவும் இல்லை.

"நீங்க இல்லாத நாள்ல கண்டியில ஒருத்தன்" என்றார்.

"இனிமே அவன்கிட்ட போகாதீங்க" என்று சொல்லிவிட்டு, அண்ணன் பையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்தார்.